டார்ச் பிடித்த கை

கையில் பிடிக்காமலே வெளிச்சம் தரும் விளக்கு என்று இப்போது விளம்பரம் போட்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் 1970களிலேயே அப்படி ஒன்று இருந்தது. அப்பாவின் கைக்கு வேலை வைக்காது, தனிச் செலவு கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். அது நான்தான்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஊருக்குக் கரண்ட் வந்திருந்தது. வந்தது தங்கும் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபியூஸ் போனால் அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறுவார், நான் கீழே டார்ச்சோடு நிற்பேன். பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கருகிய கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியை இரண்டு திருகாணிக்கும் நடுவே இழுத்துச் சுற்ற வேண்டும். அதற்கு இரண்டு கையும் தேவை என்பதால் ஸ்க்ரூடிரைவர் வாயில் இருக்கும். அவர் வசவெல்லாம் அந்த ஸ்க்ரூடிரைவரைத் தாண்டித்தான் வந்து விழும். "எங்கிட்டுடா காட்டுற? கண்ணுல அடிக்காத. நேராப் பிடி." நேராகத்தான் பிடித்திருப்பேன். ஆனால் ஃபியூஸ் கட்டையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? சுவரில் ஒரு பல்லி ஓடும். கண் போன பக்கம் கை போகும், கை போன பக்கம் வெளிச்சம் போகும். மேலே இருட்டில் நிற்கிறவர் கத்துவார்: "நான் பாக்குற எடத்துல அடிடா, நீ பாக்குற எடத்துல அடிக்காத!"

விளக்குச் சாஸ்திரம் முழுக்க இந்த ஒரு வசவில் இருக்கிறது. நெற்றியில் கட்டுவது, கழுத்தில் மாட்டுவது எல்லாமே அப்பா கேட்ட அந்த ஒன்றைத்தான் செய்கின்றன; பார்க்கிறவன் பார்க்கும் இடத்தில் அடிக்கின்றன. எங்கள் ஊருக்குத் தெரியாமல் போனதே தவிர, அப்போதே அது இருந்தது. கோலார் தங்கவயலில் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்த தமிழர்கள் பேட்டரியை இடுப்பிலும் விளக்கைத் தொப்பியிலும் மாட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். காது மூக்குத் தொண்டை டாக்டர் இன்னும் கெட்டிக்காரர். நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டு, நமக்குப் பின்னால் எரிகிற பல்பின் வெளிச்சத்தையே வாங்கித் திருப்பி நம் தொண்டைக்குள் அடிப்பார். அவருக்குப் பேட்டரிச் செலவுகூட இல்லை. பையனைப் பெற்று வளர்த்து டார்ச் பிடிக்கச் சொன்ன அப்பாதான் அதிகச் செலவு செய்திருக்கிறார்.

டார்ச் எவரெடி. ஒன்பதாம் எண்ணுக்குள் பூனை பாயும் படம் போட்ட செல் இரண்டு. உடம்பெல்லாம் வரிவரியாகப் பள்ளம் ஓடிய வெள்ளைத் தகடு. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குள் உபரியாக ஒரு பல்பு ஒளிந்திருக்கும். செல் சோர்ந்தால் வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து செம்மண் நிறத்துக்கு இறங்கும். உடனே புது செல் வாங்கிவிட மாட்டார்கள். அம்மா அதை மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைப்பார். சூடேறினால் உள்ளே ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். ஒரு ராத்திரிக்கு ஓடும். அதையும் மீறி உள்ளேயே விட்டுவைத்தால், செல்லின் துத்தநாக உறையே மின்சாரத்துக்குத் தீனியாகித் தேய்ந்து, ஓட்டை விழுந்து, பிசுபிசுவென்று கசிந்து டார்ச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு திண்ணை விளிம்பில் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் சாயங்காலம் கேட்ட அந்தத் தட்டல் பாதி டார்ச்சுக்கு, பாதி டிரான்சிஸ்டருக்கு.

ரெண்டு கட்டை டார்ச் வைத்திருந்தவர்கள் குடும்பஸ்தர்கள். மூணு கட்டை என்றால் ஒரு மரியாதை. ஐந்து கட்டை ஊரிலேயே ஒருவரிடம்தான் இருந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே வருவதே அதை அடித்துப் பார்க்கத்தான். கண்மாய்க்கு அந்தக் கரையில் நின்ற ஒற்றைப் பனையின் உச்சிக்கு அடிப்பார். பனை அங்கேயேதான் நிற்கிறது என்று தெரிந்ததும் திருப்தியாகப் போய்ப் படுப்பார்.

படிப்புக்கு டார்ச் கிடையாது. அது ஆபத்துக்கும் பாம்புக்கும் மட்டும். படிப்புக்கு அரிக்கேன். ரேஷன் கடையில் கொடுத்த நீல மண்ணெண்ணெயில் எரியும் ஒரே அரிக்கேனைச் சுற்றி நாங்கள் நாலு பேர். சிம்னிக்குள் நுழையும் அளவுக்குச் சின்னக் கை எனக்குத்தான் இருந்தது என்பதால், சாம்பலும் பழைய பேப்பரும் வைத்துக் கரி துடைக்கிற வேலையும் என் தலையில். கண்ணாடி பளிச்சென்று இருந்தாலும் அடியில் எண்ணெய்த் தொட்டியின் நிழல் விழும். அந்த நிழல் யார் நோட்டில் விழுகிறதோ அவர் அன்றைக்குக் கணக்கில் பெயில். புகார் சொன்னால் பெரியப்பா ஒரே பதில் வைத்திருந்தார்: "முத்துசாமி ஐயர் தெருவிளக்குல படிச்சு ஹைக்கோர்ட் ஜட்ஜ் ஆனாருடா." சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர், வளாகத்துக்குள் சிலை இருக்கிறது. பெரியப்பா சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஐயர் பிறந்தது 1832-ல். அவர் படித்த காலத்துத் தெருவில் எரிந்தது எண்ணெய் விளக்கு. அது ஏற்றினால் எரியும். எங்கள் தெரு டியூப்லைட் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால்தான் எரியும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் அவர் அமீனாகூட ஆகியிருக்க மாட்டார்.

ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் டார்ச்சைப் படிப்புக்கு மாற்றினேன். பத்து மணிக்கு வார்டன் மெயினை அணைத்துவிடுவார். ராஜேஷ்குமாரின் கிரைம் நாவலோ பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும். போர்வைக்குள் போய் டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தலையணையில் சாய்த்துவைத்தால், கொலைகாரன் பெயர் வருகிற வரியில் உருண்டு விழும். கடைசியில் எல்லாரும் வந்து சேர்வது வாய்க்குத்தான். தகட்டின் புளிப்பு நாக்கில் ஏறும், எச்சில் வழியும், ஆனாலும் பக்கம் புரட்டக் கை இருக்கும். டார்ச்சுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு வளையம் உண்டு. மேல் பங்க் கட்டிலின் கம்பியில் அதைக் கட்டிப் பார்த்தான் அறைத்தோழன் ஒருவன். வெளிச்சம் சரியாகப் புத்தகத்தில்தான் விழுந்தது. மேலே இருப்பவன் புரண்டு படுத்தால் மட்டும் வட்டம் பக்கத்தை விட்டு இறங்கிச் சுவருக்குப் போய், கொஞ்சம் நின்று, திரும்பி வரும். அதற்குள் துப்பறிகிறவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டிருப்பார்.

குற்றம் வளையத்தின் மேல் மட்டும் இல்லை. டார்ச்சின் குழிக்கண்ணாடி தூரத்துப் பனைமரத்துக்காகச் செய்தது. வெளிச்சத்தைத் திரட்டிச் சிதறவிடாமல் ஒரே நேராக அனுப்புவதுதான் அதன் வேலை. ஒரு முழத்தில் இருக்கும் புத்தகத்தில் நடுவே கண் கூசும் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், அப்புறம் சோகையாக இன்னொரு வட்டம் என்று விழும். ஒரு சொல் தெரியும், பக்கத்துச் சொல் தெரியாது. புள்ளியைச் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கிரைம் நாவலுக்கு அது ஒரு வகையில் பொருத்தமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

பிறகு ஜப்பானில் நீல எல்இடி வந்தது. சிவப்பும் பச்சையும் முன்பே உண்டு. நீலம் கைக்கு வராததால் வெள்ளை வெளிச்சம் வராமலே இருந்தது. அகாசாகி, அமானோ, நாகமுரா மூன்று பேருக்கும் 2014-ல் நோபல் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னாலேயே நிலக்கோட்டைச் சந்தையில் பிளாஸ்டிக் சீன டார்ச் கூறு கட்டிக் கிடந்தது. ஐந்து கட்டைக்காரரின் பேரன் சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். பனை உச்சி அதற்கும் எட்டியது. பனையைத்தான் அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

நடுவில் 2012. சென்னைக்கு இரண்டு மணி நேரம் போன கரண்ட், மாவட்டங்களில் பதினாலு மணி நேரம் வரை போன வருஷம். மகள் பிளஸ் டூ. திண்டுக்கல் வீட்டில் எமர்ஜென்சி லைட் என்று ஒன்று வாங்கினோம். உள்ளே ஈய அமில பேட்டரி, எடைக்கு எடை அம்மிக்குழவி தோற்கும். சார்ஜ் ஏற கரண்ட் வேண்டும், கரண்ட் இருந்தால் அது வேண்டாம். இந்தத் தத்துவச் சிக்கலைத் தாங்காமல் பேட்டரி ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது. மகள் அரிக்கேன் கேட்டாள். அரிக்கேனை அதற்குள் என் மனைவி பெயின்ட் அடித்து ஹாலில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்தாள். திரி இல்லை.

இப்போது அறுபது வயதில் என்னிடம் ஒரு கழுத்து விளக்கு இருக்கிறது. மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தான். தோளில் மாட்டினால் இரண்டு பக்கமும் வளைகிற தண்டு முன்னால் நீளும், நுனிக்கு ஒரு விளக்கு. மஞ்சள், இளமஞ்சள், வெள்ளை என மூன்று நிறம். ஒவ்வொன்றுக்கும் கூட்டிக் குறைக்க வசதி. உள்ளே லித்தியம் பேட்டரி, போன் சார்ஜரிலேயே ஏறும். வெளிச்சம் ஒரு பக்கத்துக்குச் சீராக விரிகிறது. புள்ளியும் இல்லை, கறுப்பு வளையமும் இல்லை. வயதாக ஆகக் கண்பாவை சுருங்கி, லென்ஸும் மஞ்சளடித்துவிடுவதால் இருபதில் போதிய வெளிச்சம் அறுபதில் போதாது. அந்த வகையில் சரியான நேரத்துக்கு வந்த பொருள். மனைவி பார்த்துவிட்டு, "நொகத்தடி பூட்டின மாடு மாதிரி இருக்கீங்க, ஆனா என் தூக்கத்தைக் கெடுக்கல" என்றாள். சான்றிதழ்தான்.

குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் எண்பது மணி நேரம் எரியும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. விளக்கு எண்பது மணி நேரம் தாங்கும், நான் தாங்குவது எட்டுப் பக்கம். அதற்குள் போன் சிணுங்கும். ஹாஸ்டலில் பல்லால் கடித்து மீட்ட அந்தக் கை இப்போது சும்மாதானே இருக்கிறது, அது போய்ப் போனைப் பிடித்துக்கொள்கிறது. தானாக வெளிச்சம் தரும் ஒரு பொருளை மூன்று நிற விளக்கு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். போனுக்குப் பின்னால் டார்ச்சும் இருக்கிறது.

போன மாதம் ராத்திரி திடீரென்று வீடு இருண்டது. மற்ற வீடுகளில் எரிகிறது. பழைய ரத்தம், உடனே எழுந்து கழுத்து விளக்கை மாட்டிக்கொண்டு மெயின் போர்டு முன்னால் போய் நின்றேன். இரண்டு கையும் ஒழிந்திருக்கிறது, பார்த்த இடத்தில் வெளிச்சம் அடிக்கிறது, கீழே நின்று பல்லி பார்க்கும் பையன் யாரும் இல்லை. அப்பாவுக்குக் கடைசி வரை கிடைக்காத வசதி. போர்டில் பார்த்தால் எம்சிபி கீழே இறங்கியிருந்தது. ஒரு விரலால் மேலே தள்ளினேன். எரிந்தது. மிச்சம் ஒன்பது விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஊருக்குப் போனபோது கழுத்து விளக்கைக் கொண்டு போயிருந்தேன். அத்தை வீட்டில் மல்லிகைத் தோட்டம். மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும், விடிவதற்குள் நிலக்கோட்டை மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும், வெயில் ஏற ஏற விலை இறங்கும். அதனால் பறிப்பு நடுச்சாமத்துக்குப் பிறகே ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்தில் வரப்பில் அரிக்கேனை வைத்துவிட்டுத் தடவித் தடவிப் பறிப்பார் அத்தை. சில நாள் தூக்கிப் பிடிக்க என்னை எழுப்பிக் கூட்டிப் போவார். அங்கேயும் அதே வசவுதான், அத்தை குரலில். இப்போது அவர் மருமகள் நெற்றியில் எலாஸ்டிக் பட்டை கட்டிய ஹெட்லைட்டோடு செடிக்குச் செடி போகிறார். தலை திரும்பிய பக்கம் வெளிச்சம் போகிறது, இரண்டு கையும் மொட்டு பறிக்கிறது. மடி கனத்துக்கொண்டே வந்தது. அந்தக் காட்டில் அப்படி ஏழெட்டு நெற்றிகள்.

என் கழுத்து விளக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி எடை பார்த்தார், தண்டை வளைத்தார், மூன்று நிறத்தையும் மாற்றிப் பார்த்தார்.

"மஞ்சள் எதுக்குண்ணே?"

"கண்ணு உறுத்தாம இருக்கும்மா."

"மஞ்சள்ல மொட்டு எது, விரிஞ்சது எதுன்னு தெரியாதே. தண்ணி பட்டா தாங்குமா?"

"தாங்காதுன்னு போட்டிருக்கு."

"குனிஞ்சா கழுத்துல நிக்குமா?"

குனிந்து காட்டினேன். முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"எவ்வளவுண்ணே குடுத்தீங்க?"

சொன்னேன்.

"எங்க வீட்டுல பழைய ஹெட்லைட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. பட்டைதான் லேசாத் தளந்துபோச்சு, ஒரு ஊக்கு குத்துனா நிக்கும். போறப்ப எடுத்துட்டுப் போங்க" என்றவர், அடுத்த செடிக்குத் திரும்பிக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, ஒங்க வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றார்.