பழைய கம்பெனி, புதிய மென்பொருள்

கேள்வி: வேலையை விட்டபின், பழைய கம்பெனி விற்கும் மென்பொருளைப் போலவே நானும் ஒன்று செய்தால் துரோகமா?

பதில்: சமையல்காரர் வேலையை விடும்போது கைப்பக்குவத்தைக் கழற்றி வைத்துவிட்டா போகிறார்? தாராளமாகச் செய்யுங்கள். சிஸ்கோவில் வெப்எக்ஸ் என்ற வீடியோ கூட்ட மென்பொருளை வளர்த்த எரிக் யுவான், 2011-இல் வெளியேறி அதேபோன்ற ஜூமைத் தொடங்கினார். நேர்மையான போட்டி அது! வேலையை விட்டபின்னும் போட்டித் தொழில் கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது.

ஆனால் நிரல், வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு எல்லாம் கம்பெனியின் சொத்து. கூகுளின் ஓட்டுநரில்லாக் கார் திட்டத்தில் இருந்த அந்தோனி லெவண்டோவ்ஸ்கி, வணிக ரகசியம் திருடியதை ஒப்புக்கொண்டு 2020-இல் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். மறுவருடம் அமெரிக்க அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. உங்களுக்கு எந்த அதிபரையாவது தெரியுமா? அலுவலக லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபிறகே முதல் வரியை எழுதுங்கள்.