பாட்டுக் குழுவும் பாகப்பிரிவினையும்: தாம்பரம் ஹால்களில் எழும் எதிர்வினைகள்

எழுபதுகளின் ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர், தாம்பரத்தில் பார்க்கப்படும்போது கூட்டுக் குடும்பம் உடைந்த கதையாகிவிடுகிறது. 2023 மார்ச்சில் அமேசான் பிரைமில் பத்துப் பகுதிகளாக வந்த ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்’ இதற்கு நல்ல சான்று. மூலம், டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் 2019-இல் வெளியிட்ட நாவல். புகழின் உச்சியில் இருக்கும் கற்பனைக் குழு ஒன்று 1977 அக்டோபர் 4 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் பாடிவிட்டு, அன்றோடு கலைகிறது. ஏன் கலைந்தது என்பதை இருபது ஆண்டு கழித்து அவரவர் கேமரா முன் உட்கார்ந்து சொல்கிறார்கள். மேல்நாட்டு ரசிகர்களுக்கு இதைப் பார்த்ததும் ஃப்ளீட்வுட் மேக் குழுவும், குழுவுக்குள்ளேயே காதல் முறிந்த நேரத்தில் அது 1977-இல் வெளியிட்ட ‘ரூமர்ஸ்’ இசைத்தட்டும் ஞாபகம் வரும். சேலையூரிலும் முடிச்சூரிலும் ஞாபகம் வருவது பெரியப்பா வீட்டுக் கிணறு யார் பங்குக்குப் போனது என்பது.

இந்த எதிர்வினைகளைப் பற்றிய ஆய்வின் எல்லை, 2021-இல் மாநகராட்சியான தாம்பரம்: பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அடக்கம். கல்யாணமாகி வண்டலூருக்கு அப்பால் போன பெண்களும், கருத்துச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்காததால், சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். ஆய்வுக்களம் வீட்டின் ஹால். அதன் ஒலிச்சூழலை முதலில் குறிப்பிட வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இருப்புப்பாதை ஓரத்து வீடுகளில் எந்தப் பேச்சும் முழுசாகக் காதில் விழுந்ததில்லை. முக்கியமான வசனம் வரும்போதுதான் எக்ஸ்பிரஸ் வண்டியும் வரும். “கொஞ்சம் பின்னாடி போ” என்று ஒருவர் சொல்வார். ரிமோட் வைத்திருப்பவர் ஒரேயடியாக முந்தைய பாட்டுக்கே போய்விடுவார். அந்தப் பாட்டு முடிவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

முதல் எதிர்வினை, தலை எண்ணுவது. பெயரில் ஆறு என்று இருக்கிறது, மேடையில் ஐந்து பேர்தான் நிற்கிறார்கள். பாடகி டெய்சி வந்து சேர்ந்த பிறகு எண்ணினால் ஆறு வருகிறது. ஆனால் பெயர்ப்படி டெய்சி தனி, ஆறு தனி. நாடகத்தில் இதற்குப் பதில் உண்டு: ஆறாவது ஆள், வாத்தியம் எதையும் தொடாத கமிலா, பாடகன் பில்லியின் மனைவி. மற்ற ஊர்களில் வேடிக்கையாகப் படும் இந்தக் கணக்கு தாம்பரத்தில் மறுபேச்சில்லாமல் ஏற்கப்படுகிறது. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர் குடும்பத்தில் சேர்த்திதானே, அவர் கிட்டார் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன.

எண்ணி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் உறவுமுறை ஒதுக்கப்படுகிறது. பில்லியும் கிரஹாமும் நிஜமாகவே அண்ணன் தம்பி. மேற்குத் தாம்பரம் கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் முடிவு அப்போதே தெரிந்துவிடுகிறது: ஒரே பெயரில் இரண்டு கடை, நடுவே புதுச் சுவர், ஒரு போர்டில் மட்டும் ‘பழைய’ என்ற சொல் கூடுதலாக. தயாரிப்பாளர் டெடி பிரைஸ், வரன் கொண்டுவந்த பெரியவர். டெய்சி வீட்டுக்கு வந்த மருமகள். வந்த அன்றே சமையல்கட்டை மாற்றி அடுக்குகிறவள். பாஸ் கிட்டாருக்குத் தள்ளப்பட்டு உள்ளுக்குள் பொருமும் எடி, ரோட்டைப் பார்த்த மனை அண்ணனுக்கும் பின்கட்டு தனக்கும் விழுந்த தம்பி. டிரம்ஸ் வாரனுக்கு உறவு எதுவும் ஒதுக்குவதில்லை. எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒருவர் இருப்பார். யார் என்ன முறை என்று யாரும் கேட்பதில்லை.

ஆரம்பத்திலேயே குழுவை விட்டுப் பல் மருத்துவம் படிக்கப் போய்விடும் சக், வேறெங்கும் சிரிப்புக்குரிய சின்னப் பாத்திரம். புகழ் வருவதற்கு முன்பே விலகிய ஏமாளி என்று அவனைக் காட்டுவதாகத் தொடருக்கு எண்ணம். இங்கே கதாநாயகன் அவன்தான். பிள்ளையைப் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்த்து ஃபீஸ் கட்டிய வீடுகளில் அவன் தோன்றும்போது எழும் “புத்திசாலிப் பையன்” என்ற குரலுக்கு ஈடான பாராட்டு, பத்துப் பகுதிகளில் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

மொழிபெயர்ப்பு தனியே ஒரு சிக்கல். ஆங்கிலத்திலேயே ஓடவிட்டுப் பார்க்கும் வீட்டில் பாட்டிக்குப் பேத்திதான் துபாஷி. பில்லியும் டெய்சியும் பாட்டின் ஒரு வரிக்காக நெடுநேரம் மல்லுக்கட்டுகிறார்கள். பேத்தியின் மொழிபெயர்ப்பு: “சண்டை, பாட்டி.” அடுத்து இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டி திரும்புகிறார். “ஒண்ணுமில்ல, பாட்டி.” அந்த ஒண்ணுமில்லாததைத்தான் பாட்டி முழுக்கப் புரிந்துகொள்கிறார் என்பதற்கு, அப்போது அவர் கொட்டும் ‘உச்’ சாட்சி.

அடுத்து எழுவது முன்னுரிமைக் கோரிக்கை. ஐம்பதைத் தாண்டியவர்கள் இரண்டாம் பகுதிக்குள், “இதை பாலசந்தர் அப்பவே எடுத்துட்டார்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘சிந்து பைரவி’யில் (1985) சிவகுமார் நடித்த ஜே.கே.பி., பெரிய பாடகர், வீட்டில் சங்கீதம் தெரியாத மனைவி பைரவி, வெளியே சங்கீதம் பேசத் தெரிந்த சிந்துவாக சுஹாசினி, நடுவே குடி. கர்னாடக சங்கீதத்தை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்தால் பில்லி, கமிலா, டெய்சி. பாலசந்தரே பின்னாளில் ஜெயா டிவியில் ‘சஹானா’ என்ற தொடராக அந்தக் கதையை நீட்டித்ததால், இங்குள்ள பார்வையாளர் இந்த வழக்கில் ஏற்கெனவே ஒரு மேல்முறையீட்டையும் கேட்டு முடித்தவர். எனவே 2023-இல் டெய்சி பேரில் சொல்லப்படும் பல குற்றச்சாட்டுகள் உண்மையில் சுஹாசினிக்கு உரியவை. டெய்சி வாயே திறக்காத காட்சியிலும் “அவ பேசின பேச்சு அப்படி” என்று சொல்லப்படுவதற்கு வேறு விளக்கம் கிடையாது.

இதற்கு எதிர்க்கட்சி ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979). எழுபதுகளிலேயே எழுபதுகளின் இசைக்குழுவைக் காட்டிய படம். சுஜாதா கதை, எம்.எஸ். விஸ்வநாதன் இசை, சிங்கப்பூர் மேடைகளில் கமலும் ரஜினியும். பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கச் சொல்லி பூர்ணம் விஸ்வநாதன் டொயோட்டா காரைப் பந்தயம் வைக்கும் காட்சியை ஹாலிலேயே நடித்துக் காட்டுவோரும் உண்டு. அந்தக் குழுவில் மற்ற வாத்தியங்களை வாசித்தது யார் என்று கேட்டால் மட்டும் ஹால் அமைதியாகிவிடுகிறது. ஆறு பேரையும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் இதே ஹாலில்தான் இருக்கிறார்கள்.

தாம்பரத்துக்கே உரிய எதிர்வினை சித்தப்பா சாட்சியம். எழுபதுகளில் கல்யாண வரவேற்பு என்றால் மெல்லிசைக் கச்சேரி. பாவலர் பிரதர்ஸ், ஏ.வி. ரமணனின் மியூசியானோ போன்ற பெரிய குழுக்களை அழைக்க முடியாதவர்களுக்குத் தெருவுக்கொரு குழு இருந்தது. அதில் பெல்பாட்டமும் நாய்க்காது காலருமாகக் கிட்டார் வாசித்த சித்தப்பா ஒருவரும் இருந்தார். தொடரின் நாலாம் பகுதி ஓடும்போது பரணில் ஏணி சாத்தப்படுகிறது. கொலுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, பழைய போர்வை சுற்றிய கிட்டார் இறங்குகிறது. ஆறு கம்பியில் இரண்டு மிச்சம், அவற்றிலும் ஒன்று துருப்பிடித்தது. உள்ளே குலுக்கினால் ஒரு செட்டியார் பொம்மையின் தலை உருள்கிறது. சித்தப்பா மடியில் வைத்து, காதைச் சாய்த்து, முறுக்காணியைத் திருகுகிறார். நல்ல கம்பி அறுந்துபோகிறது. “அப்புறம் டெலிபோன்ஸ்ல வேலை கிடைச்சுது” என்கிறார். இருபது ஆண்டு கழித்துக் கேமரா முன் உட்கார்ந்து பில்லி சொல்லும் நீண்ட விளக்கங்களும் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தவை. சித்தியின் எதிர்வினை பதிவாகவில்லை. அவர் அப்போது போர்வையைத் துவைக்கப் போட எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விக், மீசை, உடை பற்றிய கருத்துகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மதராஸ் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது படம் கறுப்பு வெள்ளை. அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களே அதிகம். அதனால் எழுபதுகள் இவ்வளவு கலராக இருந்திருக்காது என்று அவர்கள் சந்தேகப்படுவது இயல்பே.

கடைசிப் பகுதியில் கமிலா இறந்துவிட்டது தெரிகிறது. டெய்சிக்கு ஒரு போன் போடச் சொல்லி அவள் பில்லிக்குப் பதிவுசெய்து விட்டுச் சென்ற செய்தி வரும்போது ஹாலில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கிறது. துபாஷி தேவைப்படாத இடம் இது ஒன்றுதான். பிறகு பில்லி போய் டெய்சி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. இருபது வருஷம் கழித்து ஒரு வீட்டுக்குப் போகிறவன் கையில் ஒரு சீப்புப் பழமாவது வாங்கிக்கொண்டு போனானா என்று பாட்டி கேட்கிறார். பேத்தி கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து ரயில் வருகிறது.