தேன்பெட்டிக்கு இடம் பார்த்தல்

மார்த்தாண்டம் பக்கம் வீட்டு விளையில் தேன்பெட்டி வைப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அதனால் எனக்கும் ஆசை வந்தது. இடம் பார்க்க வந்த அண்ணாச்சி தேனீயைப் பற்றிப் பேசவே இல்லை.

“எறும்பு உண்டா?” என்றார்.

“எறும்பு இல்லாத வீடு உண்டா அண்ணாச்சி?”

பெருமூச்சு விட்டுவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். வாசல் கிழக்கே பார்க்கணும். காலை வெயில் விழணும், மத்தியானம் நிழல் வேணும். காற்று அடிக்கக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் இருக்கணும், பெட்டிக்கு முன்னால் ஆள் நடமாடக் கூடாது. எங்கள் ஐந்து சென்டில் இத்தனை பொருத்தமும் உள்ள ஒரே இடம், நான் சாய்வு நாற்காலி போட்டுப் பத்திரிகை படிக்கும் மாமரத்தடி. நாற்காலி மாடிப்படிக்கு அடியில் குடியேறியது.

வந்தது நியூட்டன் பெட்டி. ஆப்பிள் நியூட்டன் இல்லை. 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்த பாதிரியார். ஆனாலும் மாங்காய் விழுவது இந்த நியூட்டன் தலையில்தான்.

பெட்டி நிற்கும் தாங்கியின் நாலு காலுக்கும் நாலு தண்ணீர்க் கிண்ணம். எறும்பு நீந்தாதாம். நீந்த அவசியமே இல்லை. ஒரு மாவிலை விழுந்தால் பாலம் ரெடி. வெயிலில் தண்ணீர் வற்றும், மிச்சத்தைக் காக்கை குடிக்கும். மீறி நின்ற தண்ணீரில் கொசுப்புழுவைக் கண்டுபிடித்தார் டெங்கு தடுப்புக்கு வந்த ஊழியர். இப்போது கிண்ணம் கழுவுவதுதான் என் காலைக் கடமை.

மனைவி துளசியும் கொடி ரோஜாவும் நட்டாள். தேனீக்கள் அவற்றை மதிலோடு சேர்த்துத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குப் பறந்தன. ரப்பரில் பூவுக்குக்கூட அவை காத்திருப்பதில்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனே போதும். எங்கள் வட்டாரத்துத் தேனில் பெரும்பங்கு அதுதான் என்று சொன்னதும் மனைவி துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா துணிக்கொடி கட்டியிருந்தது சரியாகத் தேனீக்கள் பறக்கும் பாதையில்.

“தம்பி, பெட்டியை நாலடி தள்ளி வச்சா என்ன?”

வைக்க முடியாது. இடத்தை மனப்பாடம் செய்த தேனீ, பெட்டி நகர்ந்தாலும் பழைய இடத்துக்கே வந்து சுற்றும். எனவே தேனீக்குப் பதில் கொடி நகர்ந்தது. கம்பிச் செலவு என்னுடையது, கூடவே முதல் தேனில் ஒரு பாட்டில் தருவதாக வாக்கு.

இப்போது மழைக்காலம். தேனீக்கு நான் சர்க்கரைப்பாகு காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அக்கா மட்டும் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மதில்மேல் வைத்திருக்கிறாள்.