பத்து சென்ட் ஜெர்மனி

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவனுக்கு ஊரில் ஆயிரம் யோசனை சொல்லி அனுப்புவார்கள். குளிருக்குத் தடித்த உள்ளாடை, ஊறுகாய் ஜாடிக்கு இரண்டு பாலிதீன் உறை, குக்கருக்கு உபரி கேஸ்கட். சாயங்காலம் நாலரைக்கே வேலை முடிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

சென்னையில் அந்தச் சிக்கலே கிடையாது. சோழிங்கநல்லூரில் ஏழு மணிக்குக் கிளம்பினால் வேளச்சேரி போய்ச் சேரும்போது ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். பொழுதைப் போக்குகிற பொறுப்பைப் போக்குவரத்தே ஏற்றுக்கொண்டுவிடும். ஜெர்மனியின் லைப்ஸிக்கில் டிராம் சொன்ன நிமிஷத்துக்கு வந்து தொலைக்கிறது. அதுவும் ஜூன் மாதம் சூரியன் ஒன்பதரை வரை இறங்க மாட்டேன் என்கிறது. ஐந்து மணிக்குக் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகு மிச்சமிருக்கும் பகலைப் பார்த்து நானும் மனைவியும் விழிப்போம். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். கடைகளை அடைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் ஒன்றும் வாங்காமல் இடிபட்டுத் திரும்புவதும் ஒரு பொழுதுபோக்குதான் என்பது அதை இழந்தவனுக்குத்தான் தெரியும்.

முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிவது, குப்பையை நிறவாரியாகப் பிரிப்பது, காலி பாட்டிலை இயந்திரத்துக்குள் விட்டு 25 சென்ட் திரும்ப வாங்குவது, இவையெல்லாம் சீக்கிரமே கைவந்துவிட்டன. ஆபீஸில் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. “உனக்கு என்ன பொழுதுபோக்கு?”

நம் ஊரில் பொழுதுபோக்கு என்பது வரன் பார்க்க அனுப்பும் பயோடேட்டாவின் கடைசி வரி. ‘புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது’ என்று போட்டால் முடிந்தது. பெண் வீட்டாரும் எந்தப் புத்தகம் என்று கேட்டு நம்மைச் சங்கடப்படுத்த மாட்டார்கள். இங்கே கேட்பவர் பதிலை எதிர்பார்த்து நிற்கிறார். ஏனென்றால் அவருக்கு ஒன்று இருக்கிறது. எதிர் மேஜைக்காரர் எல்பே ஆற்றங்கரை மணற்பாறைகளில் ஏறுகிறார். அங்கே இரும்பு முளை செருகக் கூடாது, கையில் வெள்ளைப் பொடி தடவக் கூடாது, பாறை இடுக்கில் கயிற்று முடிச்சைச் செருகித்தான் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நூறு வருஷத்துப் பழைய விதி. பக்கத்து அறைக்காரர் மீன் பிடிக்கிறார். அதற்குப் பரீட்சை எழுதித் தேறி உரிமம் வாங்கியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்து வாய்க்காலில் துண்டை விரித்துக் கெண்டை பிடித்த எங்களில் ஒருவனும் பரீட்சை எழுதியதில்லை. எழுதியிருந்தால் கெண்டைகள் இன்றும் நிம்மதியாக இருக்கும்.

ஜெர்மானியர்கள் வேலையில் கறார் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எனக்கென்னவோ வேலையை அவர்கள் ஓய்வாகச் செய்வதாகத்தான் படுகிறது. கறாரெல்லாம் ஓய்வு நேரத்துக்கு. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் வைத்துப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சங்கம் வந்தால் தலைவர், பொருளாளர், விதிப்புத்தகம், சந்தா எல்லாம் கூடவே வந்துவிடும். இந்த நாட்டில் தனியாக இளைப்பாறுவது கொஞ்சம் சந்தேகத்துக்குரிய செயல்.

எங்களுக்கு வாய்த்தது தோட்டச் சங்கம்.

லைப்ஸிக்கில் இருந்துகொண்டு இதிலிருந்து தப்புவது கஷ்டம், சங்கதி தொடங்கியதே இந்த ஊரில்தான். மோரிட்ஸ் ஷ்ரேபர் என்றொரு டாக்டர் இங்கே இருந்தார். பிள்ளைகள் கூன் போடாமல் உட்கார வார் வைத்த கருவியெல்லாம் செய்தவர், அவர் வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. திறந்த வெளியில் உடற்பயிற்சி வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர், தோட்டம் எதையும் போடாமலே 1861-ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் அவர் பெயரில் சங்கம் ஆரம்பித்தார். 1865-ல் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். பிறகு கெஸல் என்ற ஆசிரியர், திடலின் ஓரத்தில் பாத்தி கட்டி, பிள்ளைகளே செடி வளர்க்கட்டும் என்றார். பிள்ளைகள் கொஞ்ச நாளில் களை எடுக்கச் சலித்துப்போய் விளையாடப் போய்விட்டார்கள். நம்மூர் அறிவியல் கண்காட்சிக்கு அப்பாக்கள் தெர்மோகோல் எரிமலை செய்வது மாதிரி, பாத்திகள் பெற்றோர் தலையில் விழுந்தன. அன்றைக்கு மண்வெட்டியைப் பிடித்த பெரியவர்கள் இன்றுவரை கீழே வைக்கவில்லை. இப்போது ஜெர்மனி முழுக்க இப்படி ஏறக்குறைய ஒன்பது லட்சம் தோட்டங்கள். செடியே நடாத டாக்டர் பெயரில்தான் ஊர் அவற்றை அழைக்கிறது.

2020-ல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டில் அடைத்த பிறகு தோட்டங்களுக்கு ஏகக் கிராக்கி. எங்களுக்கு முறை வருவதற்குள், பெயர் கொடுத்ததை மனைவியே மறந்துவிட்டாள். முதுகுவலி வந்த ஒரு தம்பதி விட்டுக்கொடுத்த தோட்டம். விலை பேச முடியாது. சங்கத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, ராஸ்பெரிப் புதருக்கு இவ்வளவு, ஆப்பிள் மரத்துக்கு வயதைப் பொறுத்து இவ்வளவு, குடிசைக் கூரையின் தேய்மானம் இவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். எங்கள் கல்யாணச் சீர்வரிசைக்குக்கூட இத்தனை சுத்தமான பட்டியல் இருந்ததில்லை.

செய்தியை அம்மாவுக்கு போனில் சொன்னேன். பெரிதாகச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது தப்பு.

“எவ்ளோ எடம்?”

“பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மிம்மா.”

“பத்திரம் யாரு பேருல?”

“பத்திரம்லாம் இல்லம்மா, குத்தகை.”

சிறிது நேரம் சத்தமே இல்லை. “ஏண்டா தம்பி, மண்ணு வெட்டறதுக்கா உன்னை அங்க அனுப்புனோம்? அதான் இங்கயே கெடந்துச்சே. ஒண்ணரை ஏக்கரை வித்துத்தானே உங்கப்பா உனக்கு ஃபீஸு கட்டுனாரு. நீ வெயில்ல நிக்கக் கூடாது, ஏசியில உக்காரணும்னு.”

அதில் மறுக்க ஒன்றுமில்லை. மண்ணைத் தொடாமல் பிழைப்பதற்காக நாலு வருஷம் படித்து, விமானம் ஏறி ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, மண்ணைத் தொட வாடகை கட்டுகிறேன். குத்தகைத் தொகையாவது கொள்ளை இல்லை. அந்த வட்டாரத்துக் காய்கறி நிலக் குத்தகையைப் போல நாலு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1983-ல் வந்த சிறுதோட்டச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம்தான் தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, குடிசை திண்ணையோடு சேர்த்து 24 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் குடியிருக்கவும் கூடாது என்கிறது. புல்தரை வளர்த்து நாற்காலி போட்டுப் படுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய், கனி விளைந்தாக வேண்டும் என்று 2004-ல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கத்திரிக்காயின் பரப்பளவைப் பற்றி நீதியரசர்கள் உட்கார்ந்து யோசித்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மத்தியானம் இரண்டு மணி நேரம் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டி ஓடக் கூடாது. மார்ச் முதல் செப்டம்பர் வரை பறவை கூடு கட்டுகிற காலமாதலால் வேலிச்செடியை ஒட்ட வெட்டக் கூடாது, லேசாக முடி திருத்தலாம். ஆனால் வேலி அளவுக்கு மேல் வளர்ந்தால் சங்கத்திலிருந்து கடிதம் வரும். ‘அன்புள்ள தோட்ட நண்பருக்கு’ என்றுதான் ஆரம்பிக்கும். கடிதத்தில் நட்பு அந்த ஒரு வரியோடு சரி.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே வேலிக்கு மேல் கையை நீட்டிப் பெயரைச் சொல்லி, தோட்டத்துக்குள் ‘நீங்கள்’ கிடையாது, ‘நீ’தான் என்று அறிவித்தார். என் அப்பாவைவிட மூத்தவரை ‘நீ’ என்று கூப்பிட இன்னும் நாக்கு கூசுகிறது. எதையும் எழுவாய் இல்லாமலே பேசிச் சமாளிக்கிறேன். அவர் பேசுவது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்தப் பக்கத்து சாக்சனிக்காரர்கள் வல்லோசைகளை மழுக்கி, ‘பி’யை ‘B’ ஒலியாகவும் ‘டி’யை ‘D’ ஒலியாகவும் குழைப்பார்கள் என்று மற்ற ஊர் ஜெர்மானியர்கள் கிண்டல் செய்வார்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துக் காலம் தள்ளும் தமிழனுக்கு அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

கிழக்கு ஜெர்மனிக் காலத்துக் கதைகளை அவர் நிறைய வைத்திருக்கிறார். அப்போது அரசாங்கக் கொள்முதல் நிலையம் தோட்டக்காரர்களிடம் காய்கனிகளை நல்ல விலைக்கு வாங்கி, கடையில் அதைவிட மலிவாக விற்குமாம். ஒரு வாசலில் விற்று, இன்னொரு வாசலில் வாங்கி, திரும்ப முதல் வாசலுக்கே கொண்டுபோனவர்களும் உண்டாம். ரேஷன் அரிசி பார்த்து வளர்ந்த எனக்கு அவர் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் வெயில் பளிச்சென்று அடித்தது. தக்காளி நாற்றை வெளியே கொண்டு வந்தேன். பெரியவர் அங்கிருந்தே கத்தினார். மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர்கள் என்று ஐந்து பேர் வருவார்களாம், கடைசியில் வருகிறவள் குளிர் சோஃபி, அவள் தாண்டிப் போகிறவரை தக்காளி வெளியே தலைகாட்டக் கூடாதாம். அம்மாவோ ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறாள். ஆடியில் விதைத்தால் வெண்டை காய்க்கிற நேரத்துக்கு இங்கே உறைபனி வந்துவிடும். சோஃபியம்மாளுக்கும் ஆடி அம்மனுக்கும் நடுவில் ஒரு தேதியைத் தேடி நான் பஞ்சாங்கத்தையும் வானிலை அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் வெந்தயக்கீரைதான் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் சட்டென்று வளர்ந்தது. கறிவேப்பிலை தொட்டியில் இருக்கிறது. அக்டோபர் வந்தால் எங்கள் படுக்கையறைக்குக் குடிவந்துவிடும்.

உரத்துக்கு அவர் ஒரு மருந்து சொல்லிக் கொடுத்தார். தொட்டாலே அரிக்கும் நெட்டில் செடியை, கையுறை போட்டு அறுத்து, வாளி மழைத்தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தினமும் ஒரு கழியால் கலக்க வேண்டும். முதலில் பச்சையாக நுரைக்கும், பிறகு பழுப்பாகும், நுரை அடங்குவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத்தில் சொல்வது நாகரிகம் இல்லை. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு வேரில் ஊற்ற வேண்டும். வாளியைக் கலக்கியபோது எங்கள் தாத்தா கொல்லையில் பஞ்சகவ்யப் பானையைக் கலக்கிய வாசம் அப்படியே வந்தது. அந்தப் பானைப் பக்கம் போகாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தான் நான்.

நத்தை விஷயம் தனி. ஓடில்லாத பழுப்பு நத்தைகள், இருட்டியதும் படைபடையாக வந்து ஒரே ராத்திரியில் கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிடும். கிண்ணத்தில் பியர் ஊற்றி மண்ணில் புதைத்தால் விழுந்து சாகும் என்பது ஊர் வைத்தியம். செய்து பார்த்தோம். வாசனை பிடித்து அக்கம்பக்கத்துத் தோட்டத்து நத்தைகளும் விருந்துக்கு வந்துவிட்டன. பெரியவருக்கு நத்தை வந்ததைவிட, நான் ஊற்றிய பியர் எந்த ரகம் என்பதில்தான் வருத்தம்.

ஆகஸ்டில் சுக்கினி. ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி தாராளம். ஒவ்வொருவரும் நாலு வைக்கிறார்கள். சங்கம் முழுக்க எல்லாரும் எல்லாருக்கும் சுக்கினி கொடுக்க அலைவார்கள். வாசல் கைப்பிடியில் பை தொங்கும், யார் வைத்தது என்று தெரியாது. மனைவி கூட்டு வைத்தாள், பொரியல், சாம்பார், துவையல் எல்லாம் செய்தாள். பீர்க்கங்காய் என்று நம்பிச் சாப்பிட்டால் பீர்க்கங்காய்தான், நம்பிக்கை கொஞ்சம் பலமாக வேண்டும்.

அந்த வருஷ ஜூலையில் அம்மா வந்திருந்தாள். தோட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தக்காளியைக் கண்டுகொள்ளவே இல்லை. வேலி ஓரம் பெரியவர் பிடுங்கிக் குவித்திருந்த களைக் குவியலைக் கிளறினாள். “ஏண்டா, இது சக்கரவர்த்திக் கீரைடா. இதைப் போய்ப் பிடுங்கிப் போடறானே, புத்தி கெட்டவன்!” பெரியவர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். உங்கள் உழைப்பைப் பாராட்டுகிறாள் என்றேன். மறுநாள் அவர் களையெல்லாம் துப்புரவாகக் கழுவி, வேரை நறுக்கி, கூடையில் அடுக்கிக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு அவர் கையில் ஒரு டப்பா முறுக்கு வைத்தாள். மொழி இல்லாமலே பண்டமாற்று மும்முரமாக நடந்தது. எங்கள் பாத்தியிலும் இனி களை எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

அந்தச் சமயம் பார்த்துச் சங்கத்து ஆய்வுக்குழு அட்டையும் பேனாவுமாக வந்தது. ஆளுயரக் களையைக் கண்டு முகம் சுருங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு காய்கறி எங்கே என்றார்கள். நான் பாத்தியைக் காட்டினேன். இது களை என்றார் ஒருவர். அம்மா அதற்குள் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் வேலிக்கு மேல் எட்டி, “அவர்கள் இதைச் சாப்பிடுகிறார்கள், நானும் சாப்பிட்டேன், பருப்புப் போட்டுச் செய்வார்கள்” என்று சாட்சி சொன்னார். குழு கூடிப் பேசி, ‘இந்தியக் கீரைப் பாத்தி’ என்று அட்டையில் எழுதிக்கொண்டது.

இந்தக் கீர்த்தி பரவியதோ என்னவோ, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதைப் பற்றி வெகுநேரம் விவாதித்துவிட்டு, கணக்குத் தணிக்கையாளர் தேர்தலுக்கு வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தியர், கணக்கு நன்றாக வரும் என்றார் தலைவர். கைகள் தூக்கப்பட்டன, எதிர்ப்பு யாரும் இல்லை. இப்போது பொருளாளரின் தடித்த கோப்பு எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. ஆணி வாங்கிய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்ததில் அறுபது சென்ட் இடிக்கிறது. சனிக்கிழமை அவரே நேரில் வருகிறார், கேக்கோடு.

அம்மாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள், “அதுக்கு மாசம் எவ்ளோடா தருவாங்க?”

“சம்பளம்லாம் கிடையாதும்மா. எல்லாரும் வருஷத்துல சில மணி நேரம் பொது வழியில புல்லு வெட்டணும். எனக்கு அதுல ரெண்டு மணி நேரம் தள்ளுபடி.”

“ரெண்டு மணி நேரமா? மூணா கேளு.”