பொய் ஒன்பது

போன மாதம் சேலத்தில் ஒரு டர்ஃப் மைதானத்துக்கு, மகள் வயிற்றுப் பேரன் ஆடுகிற மேட்ச்சைப் பார்க்கப் போயிருந்தேன். பிளாஸ்டிக் புல், நாலு பக்கமும் வலை, தலைக்கு மேலே கல்யாண மண்டபத்தை வெட்கப்பட வைக்கும் விளக்குகள். ஆடுகிறவர்கள் எல்லாம் 13 வயதுக்குக் கீழே. பந்து உருள ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். எங்கள் பக்கத்து சென்டர் ஃபார்வர்டு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பழக்கதோஷத்தில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் ஒரு பெண் பையோடு உள்ளே ஓடி, ஸ்ப்ரே அடித்து, ஐஸ் வைத்து, பையனை வெளியே கூட்டி வந்து, காலைத் தூக்கி ஒரு திண்டின் மேல் வைத்தும்விட்டார். கோச்சுக்கு 25 வயது இருந்தால் அதிகம். டேப்லெட்டில் இரண்டு வட்டங்களை விரலால் நகர்த்தினார். லெஃப்ட் விங்கில் இருந்த பையன் நடுவுக்கு வந்தான், பெஞ்சில் இருந்தவன் லெஃப்ட் விங்குக்குப் போனான். ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை.

"இப்ப யாருங்க தம்பி சென்டர் ஃபார்வர்டு?" என்றேன்.

"யாருமில்லீங்க அங்கிள். ஃபால்ஸ் நைன் போட்டிருக்கேன்."

பொய் ஒன்பது. 9-ம் நம்பர்க்காரன் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவன் நிற்பான், ஆனால் நிற்கமாட்டான். பின்னால் இறங்கி வந்து, தன்னைக் காவல் காக்கும் ஸ்டாப்பரையும் இழுத்துக்கொண்டு வருவான். அந்தப் பொந்தில் இரண்டு பக்கத்து விங்கர்களும் நுழைவார்கள். பார்சிலோனாவில் மெஸ்ஸி ஆடியது அப்படித்தான் என்று கோச் விளக்கினார்.

"எங்க ஊர்லயும் 1981-லயே ஒருத்தன் இருந்தானுங்க தம்பி" என்றேன். மரியாதையாகச் சிரித்தார். நம்பவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். தனி மாவட்டம் ஆனது 1997-ல். மைதானம் என்று நாங்கள் சொன்னது வற்றிப்போன ஏரி. மாசியில் தண்ணீர் வற்றினால் ஆனி வரைக்கும் ஆட்டம். வடக்கே இருந்தது போதமலை கோல், தெற்கே இருந்தது நாமக்கல் கோல். இரண்டுக்கும் மூங்கில் கம்பம். குறுக்குக் கம்பத்துக்குப் பதில் கயிறு. பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று தகராறு வராத மேட்ச் கிடையாது. ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். பந்து முள்ளில் விழுந்தால் சைக்கிள் கடைக்குப் போய் ப்ளாடருக்குப் பஞ்சர் ஒட்டி வரும்வரை இடைவேளை. ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. "சடுகுடு ஆடுனா என்னடா? அதுல அவுட்டானவன்கூடத் திரும்பி வர்றான்" என்பார்கள். யோசித்தால், ஃபுட்பாலின் அடிப்படைச் சிக்கலையே அவர்கள் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கால் போனவன் திரும்பி வரமாட்டான்.

எங்கள் டீமில் 11 பேர். பன்னிரண்டாவது ஆள், சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு பந்துக்குக் காற்றடிக்கும் பொடியன். ஃபார்மேஷன் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு. உலகம் அந்த 2-3-5-ஐக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. செய்தி ராசிபுரம் தாண்டி வரவில்லை. ரைட் அவுட், ரைட் இன், சென்டர், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட் என்று ஐந்து பேர் முன்னால் வரிசை கட்டி நிற்போம். நான் லெஃப்ட் இன். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே போய்விட்டது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் "ஸ்டாப்பர் மாமா வந்தாச்சுங்களா?" என்றுதான் கேட்கிறோம்.

1981 மே மாதம், மாரியம்மன் பண்டிகையை ஒட்டி டோர்னமென்ட். காலையில் செமிஃபைனல், சாயங்காலம் ஃபைனல். செமிஃபைனலில் எங்கள் சென்டர் ஃபார்வர்டு இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோலைப் போட்டுவிட்டு இறங்கும்போது ஏரியின் வெடிப்பில் இடது கால் மாட்டிக்கொண்டது. கணுக்கால் அரை மணி நேரத்தில் பன்னுப்போல வீங்கியது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன், எங்கள் கோல்களில் முக்கால்வாசிக்குச் சொந்தக்காரர்.

கட்டுப்போடுகிற வைத்தியர் வந்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து, வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். நாமக்கல் முட்டைக்கு ஸ்போர்ட்ஸ் மெடிசினில் இருக்கும் பங்கை யாரும் இதுவரை எழுதவில்லை. "ஒரு மாசம் கால் ஊனாதே கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபைனல்.

புளியமரத்தடியில் மந்திராலோசனை கூடியது. தலைமை எங்கள் டிரில் மாஸ்டர். தரையில் கோடு போட்டு, எங்களுக்குப் புளியங்கொட்டையும் எதிராளிக்கு ஆட்டுப்புழுக்கையும் வைத்தார். பதினோரு கொட்டையில் ஒன்றை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு கொட்டையை எடுத்து, புழுக்கைகளுக்கு நட்டநடுவே வைத்தார்.

"டேய் ஸ்டாப்பர், இன்னிக்கு நீதாண்டா ஜர்னைல் சிங்."

இந்த ஜர்னைல் சிங் கதையை மழை பெய்து ஆட்டம் நின்ற நாளெல்லாம் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்ற மேட்ச்சில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்து தையல் போட்டார்கள். ஜப்பானுடன் அவர் ஆடவில்லை. செமிஃபைனலில் ஆளும் வேண்டும், ஆனால் தையல் போட்ட தலையோடு நாள் முழுக்க எதிரி ஃபார்வர்டுகளோடு மோதவும் விடமுடியாது. கோச் சையத் அப்துல் ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். அருண் கோஷ் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டார். தென்வியட்நாமோடு 3-2, ஜர்னைல் ஒரு கோல். செப்டம்பர் 4-ம் தேதி ஃபைனலில் அதே தென்கொரியாவோடு 2-1. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. கோலி பீட்டர் தங்கராஜும் ஆரம்பத்தில் ஃபார்வர்டாக இருந்தவர்தான். அந்த டீமில் முன்னால் இருந்தவன் பின்னால் போய்த் தங்கம் வாங்கினான், பின்னால் இருந்தவன் முன்னால் வந்து வாங்கினான். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்கு அதற்கப்புறம் தங்கம் கிடைக்கவில்லை. ரஹீம் அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார். 'மைதான்' என்ற இந்திப் படம் 2024-ல் வந்த பிறகுதான் என் பேரனுக்கு அவரைத் தெரியும். எங்களுக்கு டிரில் மாஸ்டர்தான் தியேட்டர்.

கதையில் ஒரு விஷயத்தை மாஸ்டர் விட்டுவிட்டார், அல்லது அவருக்கே தெரியாது. ஜர்னைல் கல்லூரி நாட்களில் ஃபார்வர்டாக ஆடியவர். ரஹீம் அதைத் தெரிந்துவைத்திருந்துதான் அனுப்பினார். எங்கள் ஸ்டாப்பரோ நடுக்கோட்டைத் தாண்டியதே கிடையாது. இடைவேளையில் எலுமிச்சை வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். அவருக்குத் தெரிந்த ஃபுட்பால் ஒன்றே ஒன்று: பந்து கம்பத்துக்குப் பக்கத்தில் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு தூர அடி.

கட்டுப்போட்ட அண்ணனை மாஸ்டர் லெஃப்ட் அவுட்டில் நிறுத்தினார். அது மாஸ்டரின் கண்டுபிடிப்பு இல்லை. மாற்று ஆள் இல்லாத காலத்தில் உலகமே அப்படித்தான் செய்தது. அடிபட்டவனை ஓரமாக விங்கில் நிறுத்திவைப்பார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. அதே 1962-ல் சிலி உலகக் கோப்பையில் பெலேவுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டபோது அவரையே மிச்ச ஆட்டத்துக்கு ஓரத்தில்தான் நிறுத்தினார்கள். அடுத்த மேட்ச்சில் அவருக்குப் பதில் வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டது பிரேசிலின் அதிர்ஷ்டம். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு வந்ததே 1970-ல்தான், அதுவும் இரண்டு பேர். இரண்டும் தீர்ந்த பிறகு தோள்பட்டை விலகிய பெக்கன்பவர், கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இத்தாலியோடு ஆடி முடித்தார். இப்போது ஐந்து பேர். எங்களுக்கு 1981-ல் காற்றடிக்கும் பொடியன். அவனையும் இறக்கியிருக்கலாம், பம்பை யார் பார்ப்பது என்று கேள்வி வந்தது.

ஆட்டம் தொடங்கியது. காலையில் இரண்டு கோல் போட்ட ஆள் என்று எதிராளிகளுக்குத் தெரியும், கால் போன கதை தெரியாது. கட்டுக்கு மேல் பேன்ட் போட்டிருந்தார். ஓரமாக இடுப்பில் கைவைத்து நின்ற அவரைச் சுற்றி இரண்டு பேர் காவல். அவர் தும்மினால் மூன்றாவது ஆளும் ஓடிவந்தான். ஒரு அடி நகராமல் அவர் மூன்று பேரைக் கட்டிப்போட்டிருந்தார். புளியங்கொட்டைக் கணக்கில் இது வரவே இல்லை. டேப்லெட்டில் வருமா என்று அந்தக் கோச்சைக் கேட்க மறந்துவிட்டேன்.

அவர்கள் இடதுபக்கம் போனதால் நடுவில் திறப்பு வந்தது. இரண்டாவது பாதி முடிய ஐந்து நிமிடம். பந்து என் காலுக்கு வந்தது. எதிரே கோலி ஒருவன்தான், அவனும் விழுந்து கிடந்தான். என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே உருப்படியான ஷாட் அதுதான். பந்து கோட்டை நோக்கி நேராக உருண்டது. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது, எங்கிருந்தோ முழு வேகத்தில் ஓடிவந்த எங்கள் ஸ்டாப்பர், பந்து கம்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்தார். கண்ணை மூடினார். ஓங்கி ஓர் உதை. பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது.

எதிராளி ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அவரும் திரும்பி எங்களைப் பார்த்து, ஆபத்து நீங்கியது என்று கையைக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடப் பொய்யான ஒன்பதை மெஸ்ஸி காலத்திலும் நான் பார்க்கவில்லை.

ஆட்டம் 0-0. கூடுதல் நேரத்திலும் அதுவே. இருட்டிவிட்டது. லாரி ஹெட்லைட் வெளிச்சத்தில் கோப்பை கொடுத்தார்கள். இரண்டு டீமும் ஜெயித்தது, ஆளுக்கு ஆறு மாதம் கோப்பையை வைத்துக்கொள்வது என்று தீர்ப்பு. காசு சுண்டியதில் முதல் ஆறு மாதம் அவர்களுக்கு.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். அண்ணனின் காலைப் பற்றி மட்டும் யாரும் எடுப்பதில்லை. ஒரு மாதம் ஊனக் கூடாத காலில் எழுபது நிமிடமும் அதற்கு மேலும் நின்றார். அது சரியாகச் சேரவே இல்லை. எங்கள் பக்கம் ஓர் ஆணுக்கு இடது கணுக்கால் என்பது கிளட்ச். லைசென்ஸ் எடுத்து நேஷனல் பர்மிட் லாரியில் அசாம் வரைக்கும் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர், கிளட்ச் மிதிக்க முடியாமல் பட்டறையிலேயே பெயின்டராகத் தங்கிவிட்டார். லாரி முதுகில் 'ஒலி எழுப்பவும்' எழுதுவார். அவர் எழுத்து அசாம் போயிற்று. மாஸ்டரை அவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. நான் சொல்வேன். ஜர்னைலை முன்னே அனுப்பிய ரஹீமை மனப்பாடம் செய்த மனிதர், ஜப்பானுடன் அவரை உட்காரவைத்த ரஹீமை மறந்துவிட்டார்.

2020 நவம்பர் 20-ம் தேதி ஐ.எஸ்.எல். ஃபுட்பாலில் அந்த சீசனின் முதல் ஆட்டத்தைப் பேரனோடு டி.வி.யில் பார்த்தேன். ஏடிகே மோகன் பகானுக்கு ஆடிய நம் குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ், 15 நிமிடம்கூட ஆகாத நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுபாஷிஸ் போஸ் உள்ளே வந்தார், மோகன் பகான் 1-0 என்று ஜெயித்தது. சூசைராஜுக்கு அந்த சீசனே போயிற்று. ஆனால் அவரை யாரும் விங்கில் நிற்கச் சொல்லவில்லை.

டர்ஃபுக்கு வருவோம். பொய் ஒன்பதுப் பையன் கோல் எதுவும் போடவில்லை, விங்கர்கள் போட்டார்கள், 3-1 என்று ஜெயித்தோம். அடிபட்ட பையனுக்கு இரண்டு வாரம் ஓய்வு. ராத்திரி பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு தந்தை எழுதியிருந்தார்: "என்ற பையன் லெஃப்ட் விங்கர். அவனை எதுக்கு நடுவுல போட்டீங்க? வீடியோல லெஃப்ட் விங்குல ஆடுனாத்தானுங்க செலக்சனுக்கு அனுப்ப முடியும்." கோச் கும்பிடு பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். எங்கள் காலத்தில் இப்படிக் கேட்க எந்த அப்பனுக்கும் தோன்றியிருக்காது. மகன் ஆடப்போனதே அவருக்குத் தெரியாது.

என் பேரன் அந்த டீமின் ஸ்டாப்பர். திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டேன், நீ முன்னால் போயிருக்கலாமே கண்ணு என்று.

"அப்புச்சி, அது என் ரோல் இல்லீங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

எதிராளி ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் ஆறு மாதம் 1981 நவம்பரில் முடிந்துவிட்டது. கோப்பையின் இடது காதில் ஒரு நசுங்கல் இருக்கும், அதுதான் அடையாளம். ஸ்டாப்பர் மாமா வீட்டில் கொடுத்துவிட்டால் போதும். தன்னால்தான் கோப்பையில் பாதியாவது கிடைத்தது என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.