லீவு உனக்கு, இன்கிரிமென்ட்டு மாப்ளைக்கு

வாம்மா மகாராணி, உக்காரு. புள்ள தூங்கிட்டானா? நல்லதாப் போச்சு, அவன் தூங்கறப்பதான் உன்கிட்ட கணக்கு பேச முடியும். 26 வாரம் லீவு முடியப்போவுது, இன்னும் மூணு மாசம் சம்பளமே வேணாம், வீட்ல இருந்துக்கறேன்னு ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டியாமே? கரையான்சாவடி முழுக்கத் தெரிஞ்சிபோச்சு, எனக்குத்தான் கடைசியா வந்துது. செலவுக்கு இன்னா வழின்னு யாருகிட்டயாவது கேட்டியா? எங்க கேப்ப? குமணன்சாவடி மண்டபத்துல வளைகாப்புக்கு 300 எலை போட்டப்பவே கேக்காதவளாச்சே. போட்டோக்காரனுக்குக் குடுத்த காசுல ரெண்டு மாசம் பால் வாங்கியிருக்கலாம். சரி வுடு, போனதப் பேசி இன்னா ஆவப்போது.

நாங்க பெத்தப்ப மேஸ்திரி ரொம்ப தாராளம். சம்பளமில்லாத லீவு எவ்ளோ கேட்டாலும் குடுப்பான். உங்களுக்குத்தான் சட்டம், கிட்டம்லாம். 1961ல 12 வாரம்னு போட்டாங்க, 2017ல 26 ஆக்கினாங்க. மூணாவது புள்ளைக்கு மட்டும் அதே 12தான். உன் மாமியா ஏதாவது ஆரம்பிச்சா இத எடுத்து வுடு. அந்த 26ல பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுக்கலாம். டாக்டரம்மா படுன்னாங்க, நீ முழுசா எட்டையும் எடுத்துட்ட, தப்பில்ல. ஆனா பெத்தப்புறம் மிச்சம் 18தானே? இடிக்கிறது அங்கதான்.

எதுத்த வீட்டு டீச்சரம்மாவப் பாத்து ஏங்காத. அவங்க சர்க்கார் உத்தியோகம். 2021 ஜூலைல இருந்து அவங்களுக்கு 12 மாசம், முழுச் சம்பளத்தோட. ஒரே தெரு, ஒரே தண்ணி லாரி. அவங்க புள்ளைக்கு மட்டும் ஒரு வருஷம் அம்மா மடி.

இன்னொண்ணு கேக்கறேன். பிரசவத்தால உடம்பு முடியாமப் போச்சுன்னா, டாக்டர் சீட்டக் காட்டி இன்னும் ஒரு மாசம் சம்பளத்தோடவே கேக்கலாம்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. ஆபரேஷன் புண்ணு ஆறவே இல்லன்னு என்கிட்ட வந்து அழுத, ஆபீசுல சொன்னியா? சேத்து வச்ச லீவு எத்தன நாள் இருக்குன்னு பாத்தியா? எதையும் பாக்காம, சம்பளமே வேணாம்னு நேரா எழுதிக் குடுத்துட்ட. கர்ணன் வீட்டுப் பொண்ணு!

மாப்ள விஷயத்துக்கு வரேன். உன் சம்பளம் நிக்கும், அது உனக்கே தெரியும். பி.எஃப்பும் நிக்கும், அது தெரியுமா? உன் பங்கு, கம்பெனி பங்கு ரெண்டும் அந்த மூணு மாசம் ஏறாது. மாப்ளைக்கு ஏதாவது நிக்குதா? போன மாசம் இன்கிரிமென்ட்டுன்னு ஸ்வீட் பாக்கெட்டோட வந்தாரு, நானும் ரெண்டு எடுத்துத் தின்னேன். புள்ள ரெண்டு பேருக்கும் பொது, லாஸ் ஆஃப் பே மட்டும் உனக்குத் தனி. அவரக் கொற சொல்லல, தங்கமான மனுஷன். தங்கம்னா லாக்கர்லதானே கெடக்கும், நாமதான் தெறந்து எடுக்கணும்.

மாசம் பொறந்தா அவரு சம்பளத்துலருந்து உன் கணக்குக்கு ஒரு தொகை வரணும்னு சொல்லிடு. உன் பி.எஃப். அளவுக்காவது வரட்டும். "வீட்லதானே இருக்க, உனக்கு எதுக்குக் காசு"ன்னு கேட்டா வாயே தெறக்காத. ஞாயித்துக்கெழம புள்ளைய அவரு கைல குடுத்துட்டு என்கூடப் பூந்தமல்லி கடத்தெருவுக்கு வந்துடு. மத்தியானத்துக்குள்ள போன் வரும்.

காட்டுப்பாக்கம் பிளாட்டுத் தவணை உன் கணக்குலருந்துதானே போவுது? மூணு மாசத்துக்கும் இப்பவே தனியா எடுத்து வை. ஒண்ணு திரும்பி வந்தாலும் பேங்குக்காரன் அபராதம் போடுவான், சிபில்லயும் ஏறிடும். அம்மா அப்பாவுக்கு ஆபீசு மூலமா எடுத்த இன்சூரன்சுக்கு உன் சம்பளத்துல புடிக்கிறாங்க இல்ல, சம்பளமே இல்லாதப்ப எதுல புடிப்பாங்கன்னு கேட்டுக்கோ. நகைய அடகு வைக்கலாம்னு வீட்ல பேச்சு வந்தா, யாரு நகைன்னு மொதல்ல கேளு.

தடுப்பூசிக்கு ஏன் அந்த ஏ.சி. ஆஸ்பத்திரிக்கு ஓடற? சர்க்கார் அட்டவணைல இருக்கற ஊசிய ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாமப் போடறாங்க. வரிசைல நிக்கணும், அவ்ளோதான். திரும்ப வேலைக்குப் போறப்ப, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல புள்ளைய வுடறதுக்குக் காப்பகம் இருக்கணும், நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துக்கலாம். அதயும் இப்பவே விசாரிச்சு வை. அப்ப போய் ஆள் தேடினா ஆயாவுக்கே உன் சம்பளத்துல பாதி போயிடும்.

அப்புறம் அந்தச் சீட்டு. எடுத்துத் தின்னாச்சு, மாசாமாசம் கட்டித்தான் ஆவணும். ஒரு பத்து நாள் தவணை தள்ளிக் குடுன்னு சீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசறேன். மாப்ளைகிட்ட நீ பேசு. எது கஷ்டமான வேலைன்னு அப்புறமா பாத்துக்கலாம்.