கம்பி கரையும் கலை

வலைக்கம்பியோடு லென்ஸை ஒட்டிவைத்து, அதன் துளையை அகலத் திறந்து, கம்பிக்கு வெகு பின்னால் நிற்கும் விலங்கின் கண்ணில் குவியத்தை நிறுத்தினால், குவிய ஆழம், அதாவது படத்தில் தெளிவாக விழும் தூரம், சுருங்கிக் கம்பி கரைந்துபோக, கூண்டுப் புலி காட்டுப் புலியாகப் பதவி உயர்வு பெறுகிறது. கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-இல் ரத்து செய்துவிட்டதால், படமெடுக்கும் ஆசையுள்ள சாமளாபுரத்து விசைத்தறிக்காரர் ஒருவர் இவ்வுயர்வை வழங்க வண்டலூர் உயிரியல் பூங்காவரை போகிறார். அங்கோ பல விலங்குகளுக்குக் கம்பிக்குப் பதில் அகழியே எல்லை என்பதால், மறைக்க மிஞ்சுவது பின்னணிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியுமே. அவர் ஊர்க் குளத்துக்கு வரும் நீர்ப்பறவைகளுக்குக் கூண்டுமில்லை, நுழைவுச் சீட்டுமில்லை. ஆயினும் குவியம் கூடுமுன் பறந்துவிடும் ஒழுங்கீனம் அவற்றிடம் இருப்பதால், படமெடுப்பவர்கள் அவற்றை அவ்வளவாக மதிப்பதில்லை.